பிள்ளைகளுக்கு அயோடின் போதுகிறதா? உப்பு ஜாடியில் தொடங்கிச் சரிபார்க்கும் முறை

பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கும் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்துவரும் இத்தனை நாளில், புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் பிள்ளையின் கழுத்தைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். வீக்கம் தென்படவில்லை என்றால் குறையில்லை என்று முடித்துவிடுகிறார்கள். முன்கழுத்துக் கழலை என்பது, அயோடினைக் கொண்டு ஹார்மோன் உருவாக்கும் தைராய்டு சுரப்பியின் வீக்கம். அது பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் நீடித்த பற்றாக்குறையின் தடயம். இன்று அந்த வீட்டில் அயோடின் கிடைக்கிறதா என்பதை அது சொல்லாது. சமையலறையில் இருக்கும் உப்பு சொல்லும். ஆகவே முதலில் உப்பு, அடுத்து அதைப் புழங்கும் முறை, பிறகு மற்ற உணவு, அதற்கும் பிறகே கழுத்தும் ரத்தப் பரிசோதனையும் என்ற வரிசையில் செல்ல வேண்டும். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டு வீடுகளையும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதியது.

1. தேவையான அளவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 90 மைக்ரோகிராம், 6 முதல் 12 வயது வரை 120 மைக்ரோகிராம், அதற்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே இந்த நான்கு எண்களையும் எழுதிவையுங்கள்.

உப்புக் கணக்கு எளிது. 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் உள்ள உப்பு என்றால் ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்கிறது. நுகர்வோர் கையில் வரும்போது உப்பில் குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எட்டு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 4 கிராம் உப்பு உண்பதாக வைத்துக்கொண்டால் 60 மைக்ரோகிராம் வரும். சமையலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போனால் 48 மிஞ்சும். தேவையோ 120. விளிம்பில் நிற்கும் உப்பு மட்டும் ஒரு பிள்ளைக்குப் போதாது என்பதைப் புதியவர்கள் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிறகே நம்புகிறார்கள்.

இதைக் கேட்டதும் உப்பைக் கூட்டிப் போடலாமா என்ற கேள்வி தவறாமல் எழும். கூடாது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. உப்பின் அளவைக் கூட்டாமல் அதில் உள்ள அயோடினைக் காப்பதும், மற்ற உணவிலிருந்து மீதியைப் பெறுவதுமே வழி.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

துளி விட்டுப் பார்க்கும் உப்பு அயோடின் சோதனைப் பெட்டி ஒன்று வேண்டும். அதில் சோதனைக் கரைசல், மறுசோதனைக் கரைசல், நிற அட்டை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மறுசோதனைக் கரைசல் இல்லாத பெட்டியோடு வேலையைத் தொடங்காதீர்கள். காரணம் ஐந்தாம் பகுதியில் வருகிறது. காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கரைசல் நல்ல உப்பையும் கெட்டதாகக் காட்டும். பிறகு அந்த ஊரில் உங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

இவற்றோடு வாய் இறுக மூடும் சிறிய பிளாஸ்டிக் பைகள், வெள்ளைத் தட்டு, உலர்ந்த கரண்டி, பெயரும் தேதியும் எழுத மார்க்கர் பேனா, ஒரு பதிவேடு. கழுத்துப் பரிசோதனை செய்யும் நாளில் குடிநீரும் மறைப்புத் திரையும் தேவைப்படும்.

3. எந்த உப்பு என்று கேளுங்கள், பையையும் பாருங்கள்

அயோடின் உப்புதானா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். எங்கே வாங்குகிறீர்கள், கல்லுப்பா தூள் உப்பா, பாக்கெட்டா படிக்கணக்கா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். உண்பதற்காக அயோடின் சேர்க்காத உப்பை விற்பது 2006 மே 17 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் 2018–19ஆம் ஆண்டின் இந்திய அயோடின் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு வீடுகளில் 61.9 சதவீதம் மட்டுமே போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தின. நாட்டின் சராசரி 76.3 சதவீதம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் நம்மிடம் இருக்கின்றன. உப்பு விளையும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே அளத்திலிருந்து நேராக வரும் அயோடின் சேராத உப்பு எளிதில் கிடைத்துவிடுகிறது.

மூன்று வகை வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் கருவாட்டுக்கும் என்று மூட்டையாகக் கல்லுப்பு வாங்கி, மிச்சத்தை அன்றாடச் சமையலுக்கு எடுக்கும் வீடு. இரண்டாவது, உடல்நலம் கருதி இந்துப்புக்கோ ‘இயற்கைக் கடல் உப்பு’க்கோ மாறிய வீடு. அயோடின் சேர்த்தது என்று உறையில் எழுதியிராத இந்துப்பில் பிள்ளையின் தேவைக்குப் போதுமான அயோடின் கிடையாது. படித்த, வசதியான குடும்பங்களில் இந்தத் தவறு அதிகம். பிள்ளைக்கு நல்லது என்று எண்ணிச் செய்வதால் எடுத்துச் சொல்லும்போது மிகுந்த பொறுமை வேண்டும். மூன்றாவது, கடலோரத்தில் இருப்பதால் கவலையில்லை என்று நினைக்கும் வீடு. கடல்நீரில் இருக்கும் சிறிதளவு அயோடினும் உப்பு விளையும்போது படிகத்தில் தங்குவதில்லை. கடற்காற்றும் அந்தக் குறையை நிரப்பாது.

உறையில் அயோடின் சேர்த்த உப்பு என்ற எழுத்து, உரிம எண், தயாரித்த தேதி ஆகியவற்றைப் பாருங்கள். ‘உணவுக்கு அல்ல’ என்றோ பதப்படுத்துவதற்கு என்றோ அச்சிட்ட மூட்டையிலிருந்து சமையலுக்கு எடுக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. மாதிரியைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காதீர்கள்

சோதிக்க வேண்டியது பிள்ளையின் தட்டுக்குப் போகும் உப்பை. அது கடையில் இருக்கும் உப்போ பிரிக்காத பாக்கெட்டோ அல்ல. அடுப்பருகே ஜாடியில் இருக்கும் உப்பு.

ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி இரண்டு பொட்டலங்கள் கொண்டுவந்தாள். ஒன்று புதிய பாக்கெட்டிலிருந்து அவளே எடுத்தது, மற்றொன்று ஜாடியிலிருந்து. முதல் உப்பில் துளி விழுந்ததும் கத்தரிப்பூ நிறம் ஏறியது. இரண்டாவது வெள்ளையாகவே இருந்தது. இரண்டும் ஒரே உப்புதான் என்று அவள் உறுதியாகச் சொன்னாள். விசாரித்ததில், அவளுடைய ஆச்சி கல்லுப்பு வாங்கியதும் அழுக்குப் போக இரண்டு முறை அலசி, முறத்தில் வெயிலில் காயவைத்து ஜாடியில் கொட்டுவார் என்று தெரிந்தது. கல்லுப்பில் அயோடினை, பொட்டாசியம் அயோடேட் என்ற சேர்மத்தின் கரைசலாகத் தெளித்துத்தான் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் கல்லின் மேற்பரப்பிலேயே படிந்திருக்கும். முதல் அலசலிலேயே தண்ணீரோடு போய்விடும். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் உப்பைக் கழுவுகிறீர்களா என்ற கேள்வியைப் பதிவேட்டில் தனிக் கட்டமாகவே சேர்த்துவிட்டேன்.

மாதிரி எடுக்கும்போது ஜாடியை அடிவரை கிளறி, மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் சேர்த்து இரண்டு மேசைக்கரண்டி எடுக்கச் சொல்லுங்கள். காகிதப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சும்; மூடும் பையே கொடுத்தனுப்புங்கள். கல்லுப்பாக இருந்தால் பையோடு வைத்து உருளையால் நொறுக்கிக் கலந்த பிறகு சோதியுங்கள். ஒரு கல்லில் நிறம் வரும், பக்கத்துக் கல்லில் வராது. ஒரே கல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரும் பிழை.

5. துளிச் சோதனை

கரைசல் குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி உப்பை வைத்துச் சமப்படுத்தி, சோதனைக் கரைசலைப் பெட்டியில் சொல்லியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் இரண்டு துளி, விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும். கரைசலில் உள்ள மாவுச்சத்தும் உப்பின் அயோடினும் சேர்ந்தே நீலமும் ஊதாவும் கலந்த நிறம் உண்டாகிறது. நேரம் போகப் போக அது மாறும். பத்துத் தட்டுகளை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் துளி விட்டுவிட்டு நிதானமாக ஒப்பிடுபவர்களுக்குக் கடைசித் தட்டுகள் தவறான முடிவையே தரும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நிறமே வரவில்லை என்றால் உடனே அயோடின் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். உப்பு காரத்தன்மையோடு இருந்தாலும் நிறம் வராது. புதிதாக உப்பு எடுத்து, மறுசோதனைக் கரைசலை ஐந்து துளி வரை விட்டு, அதே இடத்தில் மீண்டும் சோதனைக் கரைசலை விடுங்கள். இப்போதும் வெள்ளையாக இருந்தால் இல்லை என்று எழுதலாம். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஒரு கடைக்காரரைக் குற்றஞ்சாட்டிய ஆசிரியர் ஒருவர், பிறகு அவரிடம் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

இந்தச் சோதனை, அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லும். 15 பிபிஎம்முக்கு மேலா கீழா என்பதை நிறத்தைப் பார்த்து ஓரளவுக்கே ஊகிக்கலாம். சத்துணவு மையம், விடுதி போன்று ஒரே உப்பை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உண்ணும் இடமாக இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம்பார்த்தல் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும்) முறையில் அளந்துவிடுவது நல்லது. அங்கே 10 கிராம் உப்பைக் கரைத்து, 0.005 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டால் அளப்பார்கள்; செலவான ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் 10.58 பிபிஎம் என்பது கணக்கு. மேல்நிலை வகுப்பில் வேதியியல் ஆய்வகம் உள்ள பள்ளிகள் ஆசிரியரின் மேற்பார்வையில் இதைத் தாமே செய்யலாம்; பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல செய்முறைப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

வெட்டிய உருளைக்கிழங்கில் உப்பைத் தடவி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கும் முறையையும் பலர் அறிவார்கள். அளவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சோதித்த உப்பைச் சமையலுக்குத் திருப்பி எடுக்காமல் கொட்டிவிடுங்கள்.

6. ஜாடியும் அடுப்பும்

உப்பு சரியாக இருந்தால் அடுத்ததாக அதைப் புழங்கும் முறையைப் பாருங்கள். மூடியில்லாத ஜாடி, ஈரக்கை, அடுப்புக்கு அருகே உள்ள திண்டு ஆகிய மூன்றும் அயோடினைக் குறைக்கும். ஈரம் ஏறிய உப்பில் அயோடேட் நீரோடு அடியில் இறங்கித் தங்கும். மேலே எடுக்கும் உப்பில் குறைந்துவிடும். மூடியுள்ள பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடி, உலர்ந்த கரண்டி, வெப்பம் படாத இடம் ஆகியவை போதும். மாதக்கணக்கில் மூட்டை வாங்கிச் சேர்க்காமல் ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு வாங்கச் சொல்லுங்கள். குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உப்பிட்டால் இழப்பு குறையும். பருப்பை உப்போடு வேகவைத்து அந்த நீரை வடித்துவிடும் பழக்கம் இருந்தால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

7. உப்பைத் தவிர மற்ற உணவு

முதல் பகுதியில் போட்ட கணக்கில் விழுந்த பள்ளத்தை நிரப்புவது இங்கேதான். கடல்மீன், இறால், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் அயோடின் உண்டு. முந்தைய நாள் என்னென்ன சாப்பிட்டாய் என்று பிள்ளையிடமே கேளுங்கள். தாயிடம் கேட்டால் கொடுத்ததைச் சொல்வார், பிள்ளை சாப்பிட்டதைச் சொல்லும். பாலை நிறுத்திவிட்ட, மீனும் முட்டையும் உண்ணாத, வீட்டில் இந்துப்புக்கு மாறிய வளரிளம் பெண் பிள்ளையே என் அனுபவத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுபவள். அடுத்த சில ஆண்டுகளில் அவள் தாயாகலாம்; கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். கருவுற்றது தெரிந்த பிறகு உப்பை மாற்றினால் அந்த முதல் வாரங்கள் கடந்துபோயிருக்கும்.

மரவள்ளிக்கிழங்கு, முட்டைக்கோஸ், கம்பு போன்றவை தைராய்டைத் தடுக்கும் என்று பயந்து பலர் ஒதுக்குகிறார்கள். அயோடின் போதுமான அளவில் கிடைக்கும் பிள்ளைக்கு இவை கெடுதல் செய்வதில்லை. அயோடின் குறைவாகவும் இவற்றில் ஒன்றே நாள்தோறும் முதன்மை உணவாகவும் இருந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். மரவள்ளியைத் தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரை வடித்துவிடும் நம் வழக்கம் சரியானதே.

ரத்தசோகையையும் கவனியுங்கள். தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதிக்கு இரும்புச்சத்து தேவை; இரும்பு குறைந்த பிள்ளைக்கு அயோடின் கிடைத்தாலும் அதன் முழுப் பலன் கிடைப்பதில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, பையில் போட்டுக்கொள்கிறதா என்று பாருங்கள்.

8. இப்போது கழுத்து

பிள்ளையை எதிரே நிற்கவைத்து, கழுத்து இயல்பான நிலையில் இருக்கும்போது முதலில் கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு என்றால் விழுங்கும்போது மேலேறி இறங்கும். கொழுப்பு மடிப்பும் நெறிக்கட்டியும் அப்படி ஏறி இறங்குவதில்லை. அடுத்து இரு கட்டைவிரல்களாலும் மூச்சுக்குழலின் இரு பக்கமும் மெதுவாகத் தடவுங்கள். அழுத்தக் கூடாது.

தைராய்டின் இரு பக்க மடல்களில் ஒவ்வொன்றும் அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரிதாக இருந்தால் கழலை என்று கொள்ள வேண்டும். தம் விரலோடு ஒப்பிடும் தவறைப் புதியவர்கள் தொடர்ந்து செய்கிறார்கள். பெரியவரின் விரலோடு ஒப்பிட்டால் எந்தப் பிள்ளைக்கும் கழலை இருக்காது. பதிவில் மூன்றே நிலைகள்: தொட்டாலும் தெரியவில்லை என்றால் 0, தொட்டால் தெரிகிறது, இயல்பான நிலையில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 1, கண்ணுக்கே தெரிகிறது என்றால் 2. ஐயமாக இருந்தால் வேறொருவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பெண் பிள்ளைகளைத் திரைக்குப் பின்னால் பெண் பணியாளரே பார்க்க வேண்டும். முடிவை வகுப்பில் உரக்கச் சொல்லக் கூடாது.

9. யாரை மருத்துவரிடம் அனுப்புவது

நிலை 1, 2 என்று பதிந்த எல்லோரையும் அனுப்புங்கள். கழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற உயர வளர்ச்சி நின்றுபோனது, ஓயாத சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, பூப்பெய்துவதில் தாமதம், படிப்பில் திடீர்ப் பின்னடைவு ஆகியவற்றில் சில சேர்ந்து காணப்பட்டால் அவர்களையும் அனுப்புங்கள். அங்கே தைராய்டின் செயல்பாட்டைக் காட்டும் டிஎஸ்எச், டி4 ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்வார்கள். கூந்தலுக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுக்கும் பெண் பிள்ளையாக இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது டிஎஸ்எச் அளவைக் குறைத்துக் காட்டும்.

அயோடின் உப்பு உண்ணும் வளரிளம் பெண்ணுக்குக் கழலை வந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயாகப் பல நேரம் இருக்கும். அவளுக்கு மேலும் அயோடின் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். கையில் அயோடின் டிங்சரைத் தடவி எத்தனை மணி நேரத்தில் மறைகிறது என்று பார்க்கும் முறைக்கு மருத்துவ அடிப்படை கிடையாது.

10. ஒரு பிள்ளையின் சிறுநீர் முடிவைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்

உண்ட அயோடினில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறுவதால், ஊரின் நிலையை அறியச் சிறுநீர் அயோடின் மிக நல்ல அளவுகோல். ஆனால் ஒரே பிள்ளையின் அளவு நேற்று மீன் தின்றதா, இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். தனியார் ஆய்வகத்தில் ஒரே ஒருமுறை பார்த்து லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் என்று வந்ததும் பதறிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை.

நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் அது லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் வரை இருந்தால் போதுமானது. 50 முதல் 99 வரை லேசான பற்றாக்குறை. 20 முதல் 49 வரை மிதமானது. 20க்குக் கீழே கடுமையானது. 300ஐத் தொட்டால் மிகை. அதேபோல் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 5 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோருக்குக் கழலை இருந்தால் அது அந்த ஊரின் சிக்கல். வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள்.

11. மறுபடி எப்போது

உப்பை மாற்றிய வீட்டில் ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய் ஜாடியிலிருந்து மாதிரி எடுங்கள். பழைய மூட்டை தீரும்வரை புதியதைத் தொடாத வீடுகள் பல. சத்துணவு மையத்தில் ஒவ்வொரு புதிய மூட்டையையும் பிரிக்கும் அன்றே சோதித்துத் தேதியோடு எழுதுங்கள்.

கழுத்தை ஓர் ஆண்டுக்குப் பிறகு பார்த்தால் போதும். அயோடின் கிடைக்கத் தொடங்கிய பின்னும் கழலை சுருங்க மாதங்கள் ஆகும். சில பிள்ளைகளுக்கு முழுவதும் மறையாமலும் போகலாம். இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாவது மாதத்தில், பலனில்லை என்று பழைய உப்புக்கே திரும்பிவிடுவார்கள்.